பத்து மீட்டர்

மருமகன் பெர்த்துக்குக் குடிபோனபோது
விட்டுப்போனவை:
துருப்பிடித்த ப்ராய் அடுப்பு,
மூடி இல்லாத ஐஸ் பெட்டி,
போர்வையில் சுருட்டிய காற்றுத் துப்பாக்கி.
குரங்குகளை விரட்ட வாங்கியதாம்.
ஒருதரமும் சுட்டதில்லை.
அது குரங்குகளுக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு அறுபத்திரண்டு.
ஜேக்கப்ஸில் சட்டைத் தொழிற்சாலை,
முப்பத்தொரு வருஷம் காலர் தையலில் கோணல் பார்த்தவள்.
அங்குலத்துக்குப் பதினொரு தையல்.
பத்து என்றால் திருப்பி அனுப்புவேன்.
பிறகு இரண்டு வருஷம்
உற்றுப் பார்க்க ஒன்றுமே இல்லை,
சாட்ஸ்வொர்த்தில், ஜன்னலோரம்.

மின்வெட்டு மத்தியானம் ஒன்றில்
குழலை மடக்கிப் பார்த்தேன்.
மடங்கவில்லை.
தொடையில் ஊன்றி, முருகா என்று, மறுபடி.
பின்சுவரில் மண் மூட்டை,
மூட்டைமேல் கண்டென்ஸ்டு பால் டப்பா.
முதல் குண்டு எங்கே போனதென்று
இன்றுவரை தெரியாது.
பதினேழாவது, டப்பாவின் விளிம்பில்.
டிங்.
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாற்போல்
திரும்பிப் பார்த்துவிட்டேன்.

வேலிக்கு மேலே தைநாயகி மூட்லியின் தலை.
"குரங்கு கையில் பூமாலை" என்றாள்.
அப்புறம் குரலைத் தாழ்த்தி,
"என் லிச்சி மரத்தை நாசம் பண்ணுதே ஒரு கூட்டம்,
அதுகளைச் சுடுவியா?"

சனிக்கிழமைகளில் பைன்டவுன்.
பழைய டயர் கிடங்கில் கிளப்.
தபால்தலை அகலத்தில் கறுப்பு வட்டம்,
பத்து மீட்டர்.
வலக்கண்ணால் பார்த்தால் அது
மேலே போகும், இடமே போகும், கரைந்தும் போகும்.
கண்ணாடியை மாற்றினேன். தோளைத் திட்டினேன்.
ஹெட்டி ஃபூரி, முன்னாள் நர்ஸ், பக்கத்துத் தடத்துக்காரி,
தேநீரை வைத்துவிட்டு வந்தாள்:
"கோகி, இரண்டு கையையும் சேர்த்து ஒரு துவாரம் பண்ணு.
அதற்குள்ளே சுவர்க் கடிகாரத்தைப் பிடி.
இப்போ வலக்கண்ணை மூடு."
கடிகாரம் இருந்தது.
இடதை மூடினேன்.
கடிகாரம் இல்லை. வெறும் சுவர்.

இடக்கண்தான் எஜமானியாம் எனக்கு.
வலக்கையால் சோறு, வலக்கையால் கையெழுத்து,
வலக்காலை எடுத்துவைத்து ஒரு வீட்டுக்குள் நுழைந்தேன்.
இடது பக்கத்தில் ஒருத்தி
அவ்வளவையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்,
ஒரு வார்த்தை சொல்லாமல்.

தோள் மாற்றிப் பழகுவது
பிச்சைக்காரப் பிழைப்பு.
கன்னம் எங்கே வைப்பது, விரல் எப்படி மடிவது,
எல்லாம் அரிச்சுவடியிலிருந்து.
காலையில் ரத்த அழுத்த மாத்திரை போட்டும்
குறிமுள் என் நாடிக்கெல்லாம் தலையாட்டுகிறது.
இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு சந்து.
அதில்தான் நுழைய வேண்டும்.
சுட்டபின் தலையைத் தூக்கக் கூடாது.
அதுதான் எனக்குக் கஷ்டம்.
பார்த்தாயிற்று, முத்திரை, அடுத்தது என்று
முப்பத்தொரு வருஷம் பழகிய கழுத்து.

போன மாதம் சுவரில் ஒரு சாம்பல் குரங்கு.
வயிற்றில் குட்டி.
டப்பாவை எடுத்து, நான் போட்ட ஓட்டையை நக்கியது.
என் துப்பாக்கியில் குண்டு இருந்தது.
"இப்போ, இப்போ" என்று வேலிக்கு அந்தப்புறம் சீறல்.
தொலைநோக்கியில் அதன் இமைமயிர்.
தாயின் ரோமத்தைப் பற்றிய
குட்டியின் விரல்கள், எண்ணினேன், ஐந்து.
விரலை விசைக்கு வெளியே நீட்டிவைத்தேன்.
இழுத்த ஸ்பிரிங்கை அப்படியே விடவும் முடியாது.
அது பொறுமையாக நக்கி முடித்து,
டப்பாவைத் தைநாயகி பக்கம் எறிந்துவிட்டுப் போனது.
அதன்பிறகு மண்மூட்டையில் சுட்டேன்.
நாலு நாள் அவள் பேசவில்லை.
லிச்சியும் தரவில்லை.

நேற்றுப் போட்டி. பத்துக் குண்டு, ஒரு தாள்.
எண்ணினால் ஒன்பது ஓட்டை.
"ஒரே துவாரத்தில் இரண்டு!" ஹெட்டி கைதட்டினாள்,
பையன்களும் எட்டிப் பார்த்தார்கள்.
தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்,
ஓட்டை ஓட்டையாக, இடக்கண்ணால்.
எந்த விளிம்பும் நூலளவு அகலவில்லை.
"ஒன்பதுதான்" என்றேன்.
"பத்தாவதுக்கு சைபர் போடு."